ஆட்டுக்கொழுப்பு தடவிய பூட்ஸ்

தென்னூரில் இன்று பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கறிக்கடையில் கொழுப்பு உருக்கும் வாடை வந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என் அப்பாவும் கறிக்கடைக்காரர்தான்; அத்தா என்றுதான் கூப்பிடுவேன். தோல் வெடிக்காமலிருக்க என் பூட்ஸில் ஆட்டுக்கொழுப்பைத் தடவிவிடுவார். சிறுவயதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு மேட்சில் தெருநாய்கள் என் காலைத் துரத்தின.

"டேய், பிரியாணி ஓடுதுடா!" என்று கூட ஆடியவர்களே கத்தினார்கள். கோட்டோரம் நின்ற அத்தாவும் சிரித்தார். வீடு வரை நான் அவரோடு பேசவில்லை.

மறுநாள் அத்தா பூட்ஸைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்து, "இப்ப வாடை இல்ல தம்பி, போட்டுக்க" என்றார்.

பிறகு சம்பளத்துக்குப் பல ஊர்களில் ஆடினேன். எந்த மேட்சுக்குக் கூப்பிட்டாலும் அத்தா வரவில்லை. "என் மேல உள்ள வாடை போகாது தம்பி" என்பார்.

"நாத்தம் தாங்கல சார், அந்தப் பக்கம் போயிரலாமா?" என்றாள் இன்று பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சிறுமி.

"இங்கேயே ஆடுங்க" என்றேன்.