அக்காள்மடத்துக் கோவக்காரி

ஜோதிமேரிக்குக் கல்யாணத்தன்று கடைவாய்ப் பல்லில் வலி பிடித்துக்கொண்டது. தாலி ஏறும்போது பல்லைக் கடித்து, புருவத்தை நெரித்து, வாய் திறக்காமல் நின்றாள். பாம்பனை அடுத்த மீன்பிடி ஊரான அக்காள்மடத்து ஜனம் அந்த முகத்தைத்தான் பார்த்தது. பொண்ணு பெரிய கோவக்காரி போல என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். ஒரு பெண்ணின் தலையெழுத்தை எழுத அது போதுமானதாக இருந்தது. எழுதியது யாரென்று இன்றுவரை தெரியாது.

உண்மையில் அவளைப்போல் இளகிய மனசுக்காரியை அந்தக் கரை முழுக்கத் தேடினாலும் காண முடியாது. வலையில் சிக்கிய ஆமைக்காக அழுதவள் அவள். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? தனக்குக் கோபமே வராது என்று அடுத்த வீட்டுப் பூங்கோதையிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பூங்கோதை பின்வாங்கி, "சரி மதினி, சரி மதினி, கோவப்படாதீக" என்றாள்.

கணவன் கில்பர்ட் எந்த அலைக்கும் அஞ்சாமல் கடலுக்குப் போகிறவன். குழம்பில் உப்பில்லை என்று அவனும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. போகப்போக ஊர் அவள் கோபத்தை இரவல் வாங்கவும் ஆரம்பித்தது. வியாபாரி மீன் விலையைக் குறைத்தாலும், தண்ணி லாரி தெருவுக்குள் வர மறுத்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். பேசவெல்லாம் வேண்டாம், சும்மா வந்து நின்றால் போதும் என்பார்கள். அவள் போய் நிற்பாள். காரியம் முடிந்துவிடும். நின்று நின்று, புருவம் தானாகவே நெரியப் பழகிவிட்டது. இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினால், பாம்பன் பாலம் தாண்டியதும் அவள் முகம் மலர்ந்துவிடும். பக்கத்து சீட்டுக் குழந்தையை மடியில் வாங்கிக் கொஞ்சுவாள். திரும்பும்போது பாலம் வந்ததும் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் புருவத்தை நெரித்துக்கொள்வாள்.

இப்படியிருக்க, மகள் ஜெப்சிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரெக்ஸ், மண்டபத்துப் பையன், கல்லூரியில் சமூகவியல் வாத்தியார். ஜெப்சிக்கும் அவனை மிகவும் பிடித்துப்போயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற இவர்களாவது தன்னை உள்ளபடி பார்க்கட்டும் என்று ஜோதிமேரி முடிவு செய்தாள். மகள் வாழப்போகும் வீட்டில் தன்னையும் ஒரு தாயாக நினைக்கட்டுமே!

பெண் பார்க்க வந்தவர்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்றாள். வடையும் காபியும் கொடுத்து உபசரித்தாள். அந்தச் சிரிப்பை முதன்முதலாகப் பார்த்த கில்பர்ட்டுக்கு வியர்த்துவிட்டது. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, சமூகவியல் என்றால் என்ன என்று மாப்பிள்ளையிடம் கேட்டான்.

"மனுசன் தானா எப்பிடியும் ஆகுறதில்ல மாமா," என்றான் ரெக்ஸ். "சுத்தி இருக்கவுக நம்மள என்னன்னு நெனைக்கிறாகளோ, அதுக்குத் தக்கன நடக்க ஆரம்பிச்சிர்றோம். ஒருத்தனத் திருடன்னு எல்லாருஞ் சொன்னா, யாரும் வேல குடுக்க மாட்டாக. கடைசியில அவன் திருடத்தான் போவான். ஊரு ஒரு ஆள எப்பிடி உண்டாக்குதுன்னு படிக்கிறதுதான் அது."

ஜோதிமேரியின் நெஞ்சு விம்மியது. இத்தனை வருஷத்து ஊமைத் துயரத்துக்குக் கல்லூரியில் ஒரு பாடமே இருக்கிறதா! ஆசையாக அவனை நோக்கி வந்தாள். ரெக்ஸ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். அவனிடமும் ஊர் சொல்லி வைத்திருந்தது.

மாப்பிள்ளையின் தாயாருக்கோ வேறு சந்தேகம். கணவரின் காதைக் கடித்தார். "கோவக்காரின்னு பாம்பன் வரைக்கும் பேசுறாக. இவுக இம்புட்டுக் குழையிறாகன்னா, பொண்ணுக்கு என்னமோ குறை இருக்கு. மறைக்கிறாக." இருவரும் தட்டைக் கீழே வைத்தார்கள்.

அடுப்படி வாசலில் நின்ற ஜெப்சிக்கு அது கேட்டுவிட்டது. தாயை உள்ளே இழுத்தாள். கண்களில் நீர் முட்டியது.

"அவுக கெளம்பப் போறாகம்மா. ஒரே ஒரு தடவ கத்துங்கம்மா."

எந்தத் தாய்க்கு வரும் இந்தச் சோதனை! அந்த ஊரில் அன்றைக்குத்தான் அவள் தன் சொந்த முகத்தோடு நின்றாள். அதைத் தொலைத்தால்தான் மகளுக்கு வாழ்வு. ஜோதிமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். புருவத்தை நெரித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"வடைய யாரு பாதியில வச்சது?"

மாப்பிள்ளையின் தகப்பனார் பதறித் தட்டை எடுத்து, தன் வடையோடு மனைவியின் வடையையும் சேர்த்துத் தின்றார். தாயார் முகத்தில் நிம்மதி படர்ந்தது. ஒளிவு மறைவு இல்லாத குடும்பம் என்று மெச்சி, அங்கேயே நாள் குறித்தார்கள்.

கல்யாணம் முடிந்து மணமக்களின் வேன் புறப்பட்டபோது ஜோதிமேரியால் தாங்க முடியவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே பின்னால் ஓடினாள். சிவந்த கண்ணும் அவிழ்ந்த கொண்டையுமாக அவள் வந்த வேகத்தைப் பார்த்துக் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். நிறுத்த வேண்டாம் என்று ரெக்ஸும் சொன்னானாம். ஜெப்சிதான் கதவைத் திறந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் வேன் நின்றது. அவள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

நடுரோட்டில் தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள். மகளின் காதில் தாய் தேம்பித் தேம்பிச் சொன்னாள்: "நேரத்துக்குச் சாப்புடு தாயி. ஈரத்தலையோட படுக்காத." ஜெப்சி விசும்பியபடி தலையாட்டினாள்.

தள்ளி நின்ற பூங்கோதை பக்கத்திலிருந்தவளிடம் மெல்லச் சொன்னாள்: "என்ன மிரட்டு மிரட்டுறாக, பாத்தியா? அந்தப் புள்ள நடுங்குது, பாவம்."