பொது நிறம்

பிள்ளைகளே, நம் வீட்டுக்குத் தொலைக்காட்சி வந்த நாளிலிருந்து, முகக்கிரீம் விளம்பரம் வந்தால் மூத்தவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வலைப்பந்து விளையாடினால் கறுத்துவிடுவேன் என்று நேற்றுச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் அதிகம் படித்தவன் அல்ல. புத்தி சொல்லத் தொடங்கினால் எனக்கே பிடிபடாமல் போய்விடும். அதனால் உங்கள் மாமியின், அதாவது என் தங்கச்சியின், வாழ்க்கையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்போது நான் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தேன். மாமிக்கு மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. தினமும் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் குடாவைக் கடந்து போய்வர வேண்டும். லோஞ்சின் பாதிக்குத்தான் கூரை. மற்றப் பாதியில் இருப்பவர்களுக்கு வெயிலும் உப்புக்காற்றும் முகத்திலேயே அடிக்கும். அவளோ அந்த வேலைக்காக இராப்பகலாகப் படித்தவள். புதுச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டாள்.

அதே நேரம் ஒரு கலியாணப் பேச்சும் வந்தது. அம்மா வேலையைத் தள்ளிப்போடச் சொன்னார்.

"வெயில்ல போய் வந்து கறுத்துப் போனால் உன்னை ஆர் எடுக்கிறது?"

பிள்ளை என்ன நிறம் என்று தரகர் கேட்டபோது, "பொது நிறம்" என்றார் அம்மா. வெள்ளை என்று சொல்ல ஏலாது, கறுப்பு என்று சொல்ல வாய் வராது. அந்த இடத்தில் எங்கள் ஆட்கள் போடும் சொல் அது. அதைக் கேட்டதும் தரகர்மார் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இந்த ஆசை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நாங்கள் பார்த்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த நடிகைகளின் உண்மையான நிறம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பவுடரும் விளக்கும் சேர்ந்து திரையில் அவர்களை நிலாப் போலக் காட்டின. நாங்களும் நம்பினோம். இந்தியாவிலிருந்து வரும் சினிமாப் புத்தகங்களின் அட்டைகளை மாமி வெட்டி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். வானொலியில் கிரீம் விளம்பரம் போனால் குசினியில் இருக்கும் அம்மா கூட அடுப்பை விட்டு வந்து நின்று கேட்பார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க மாமியைச் சைக்கிளில் ஸ்டூடியோவுக்கு ஏற்றிக்கொண்டு போனவன் நான்தான். சுவர் முழுக்க நடிகைகள். ஸ்டூடியோக்காரர் அதில் ஒருத்தியைக் காட்டி, "தங்கச்சி, அவவைப் போல நாடியை நிமித்துங்கோ" என்றார். பிறகு நெகட்டிவில் பென்சிலால் என்னவோ தீட்டினார். படம் கைக்கு வந்தபோது மூக்கோரத்து மச்சத்தைக் காணவில்லை. கன்னம் பால் மாதிரி இருந்தது.

"அண்ணா, இது ஆர்?" என்று சிரித்தாள். ஆனால் அந்தப் படத்தைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த நாட்களில் அதைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, தன் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். வேலையைப் பற்றிய கதை குறைந்துகொண்டு வந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பெண் பார்க்க அவர்கள் ஒரு பின்நேரம் வந்தார்கள். மாமி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் தாய் கோப்பையை எடுத்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்:

"சரி பிள்ளை, இனி உள்ளுக்குப் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."



"எனக்கு அக்கா இல்லை. அண்ணாதான் இருக்கிறார். அவரைக் கூப்பிடவா?" என்றாள் மாமி.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், இவளைப் பார்த்தார்.

"தரகர் பொது நிறம் எண்டார். படத்தில வெள்ளை. இது ரெண்டும் இல்லையே."

"பொது எண்டால் எல்லாருக்கும் பொதுத்தானே? உங்கட கையைப் பாருங்கோவன்" என்றாள் என் தங்கச்சி.

அவர் தன் கையைப் பார்த்தார். காப்புப் போட்டிருந்த அந்தக் கை என் தங்கச்சியின் கையின் நிறம்தான். பக்கத்தில் இருந்த அவருடைய புருஷனுக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"எனக்கென்ன, நான் கலியாணம் கட்டிக் கனகாலம்" என்றார் அந்த அம்மா. கோபப்படவில்லை. "பிள்ளை வாய்க்காரிதான், ஆனால் எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த லோஞ்ச் வேலையை மட்டும் விடட்டும். கொஞ்ச மாசம் நிழலில இருந்தால் படத்தில உள்ள நிறம் வந்திடும்."

எங்கள் அம்மா தலையாட்டத் தொடங்கிவிட்டார். மாமி தட்டைக் கதிரையில் வைத்தாள்.

"வராது. அது என்ர நிறம் இல்லை. ஸ்டூடியோக்காரர் பென்சிலால போட்டது. நான் எவ்வளவு காலம் உள்ளுக்கு இருந்தாலும் அந்தப் பிள்ளையாக ஏலாது."

அவள் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் ஐயா கடற்றொழில் செய்தவர். வெயிலில் காய்ந்த மனிதர், வந்தவர்கள் முன் அதுவரை ஒரு சொல்லும் பேசாதவர். அவர் மகளைப் பார்த்து, "லோஞ்ச் காலமை எத்தின மணிக்குப் பிள்ளை?" என்று கேட்டார்.

"ஏழு மணிக்கு ஐயா."

"அப்ப வெள்ளன எழும்ப வேணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்கவில்லை. அம்மா மட்டும் சில நாள் எங்கள் மூவரோடும் கதைக்கவில்லை.

மாமி வேலைக்குப் போன முதல் நாள் நான் இறங்குதுறையில் பெட்டி ஏற்றிக்கொண்டு நின்றேன். லோஞ்ச் எங்களைத் தாண்டிப் போனது. கூரைக்குள் இடம் இருந்ததோ இல்லையோ தெரியாது, அவள் வெளியில்தான் இருந்தாள். நான் கையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த மூதூர்ப் பெண் ஒருத்தியோடு கதையில் இருந்ததால் அவள் என்னைக் காணவில்லை.