அலங்காரம் நடக்கிறது

ஒவ்வொரு புடவையையும் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடியில் மாட்டுகிறாள் மாதங்கி. நாற்பத்திரண்டு வயது. பட்டுப்புடவைக்கு மேல் தொளதொளவென்று ஓர் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. டில்லி டிசம்பரில் அழகாவது ஒன்றாவது!

மயூர் விஹாரில் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய பழம்புடவைகள் இவை. "கிழிஞ்சிருந்தாலும் பரவால்ல மாமி, பெருமாளுக்குத் திரை போடணும்" என்பாள். அவளை ஏற இறங்கப் பார்த்தவர்கள்கூட, பெருமாள் பெயரைக் கேட்டதும் பீரோவைத் திறந்துவிட்டார்கள். கெட்டிக்காரிதான்.

அவள் அமைத்திருக்கும் கலைக் கண்காட்சிக் கூடத்தில் இருபத்தொரு திரைகள். வருகிறவர்கள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். போகப் போகப் புடவை மெலிகிறது, துளசி வாசனை கூடுகிறது, தெருவின் ஹாரன் சத்தம் யாருடைய தூக்கத்திலோ கேட்பதுபோல் தேய்கிறது. கடைசித் திரையில் ஒரு நிழல் கூந்தலை முடிகிறது, வளையலை ஏற்றுகிறது. அது மாதங்கிதான்.

"அந்தத் திரை எப்போ ஓபன் ஆகும் தீதி?" என்று தினமும் நச்சரிப்பாள், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ம்ருதி.

"அலங்காரம் ஆயிண்டிருக்குடி. என்ன ஜல்தி?"

சின்ன வயதில் பஜனை சமாஜத்தில் பார்த்ததை யார் கேட்டாலும் சொல்வாள். "வருஷத்துக்கு ஒருநாள் பெருமாளுக்குத் திரை போடுவா. திறந்தா புடவை, ஜடை, மூக்குத்தி. மோகினி! அத்தனை பேரும் கன்னத்துல போட்டுப்பா. இது யாருன்னு ஒருத்தர் கேக்கணுமே? அச்சா, நானும் திரைக்குள்ளதான் இருக்கேன்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

அந்த அலங்காரத்தைச் செய்தவர் அவள் அப்பா கஸ்தூரிரங்கன், ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர். பெருமாளுக்குக் கொசுவம் வைத்துக் கட்டிய அதே மனிதர், மகனாக வளர்ந்த இவள் புடவை கட்டிய நாள் முதல் பதினோரு வருஷமாக இவள் முகத்தைப் பார்த்ததில்லை. போனை எடுத்தாலும் "அம்மாட்ட குடுக்கறேன்" என்பதோடு சரி.

இன்று கண்காட்சியின் கடைசி நாள். 'ஒரே ஒரு தடவை வாங்கோப்பா' என்று வாட்ஸப்பில் அனுப்பிய செய்திக்கு, பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, அவ்வளவுதான். வளையலைப் போடுவதும் கழற்றுவதுமாக இருக்கிறாள்.

ஐந்து மணிக்கு ஸ்ம்ருதி ஓடி வருகிறாள். "தீதி, யாரோ ஒரு அங்கிள். உள்ளே வராம நிக்கறார்."

திரைகளுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக எட்டிப் பார்க்கிறாள். அப்பா! மப்ளர், கோட்டு, கையில் மடித்த குடை. ஐயோ, இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாரோ?

ஒரு வாரமாக எல்லோரும் பூட்ஸ் காலோடு மிதித்துப் போன வாசல் அது. கஸ்தூரிரங்கன் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். பிறகு கம்பளி சாக்ஸையும் உருவி ஷூவுக்குள் திணித்துவிட்டு, ஜில்லென்ற சிமெண்டுத் தரையில் வெறுங்காலை வைக்கிறார்.