திருப்பிப் பார்த்த பிட்டு

கள்ளக்குறிச்சி இரும்புக்கடைக்காரர் ஒல்லியான ஆள். எந்தச் சாமானையும் வாயால் ஊதித்தான் கொடுப்பார்.

கல்வராயன் மலையில் தகரக்கூரை வேலை. சின்ன ஸ்க்ரூவுக்கு ஒரு முனை, பெரியதுக்கு மறுமுனை என்று ட்ரில் மெஷினில் திருப்பிப் போடும், ஸ்க்ரூவைக் கவ்விப் பிடிக்கும் காந்த பிட்டு கேட்டேன். கூரைமேல் நழுவும் ஸ்க்ரூவைப் பிடிக்கப் போனால் ஆளே விழுவான்.

சின்ன ஸ்க்ரூவை ஒட்டிக் காட்டினார். நின்றது. நான் திருப்பி, பெரியதை வைத்தேன். விழுந்தது.

“இன்னாங்க மொதலாளி இது?”

“மேல ஏறுற நீங்களே திருப்பிப் பாக்கலன்னா, நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?”

உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். இரண்டு முனையும் பிடித்தது. கெட்டதை, விற்கிற டப்பாவிலேயே போட்டார்.

கேட்டவனுக்கு நல்லதைக் கொடுத்தவரைத் திருடன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அடுத்து வந்தவன் அந்த டப்பாவில்தான் கைவிட்டான்.