நான் போட்ட கார்டு

பேசி முடித்ததும் அவள் என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். "எக்கா, நான் இங்க வந்தது அந்த மனுசனுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா என்னக் கொன்னுருவாரு."

மாட்டுங்காவில் ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கென்று ஒரு மேஜையும் பூட்டுப் போட்ட அலமாரியும் இருந்தன. தாராவியை விட்டு விடுதிக்கு வந்திருந்தேன். வந்தவள் எங்கள் பழைய சந்துக்காரி. புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. சேலையை விலக்கிக் காட்டினாள். விலா நெடுக நீலம் பாரித்திருந்தது. போக்கிடம் உண்டா என்று கேட்டேன். செம்பூரில் புருஷனுக்குத் தெரியாத சிநேகிதி ஒருத்தியின் முகவரியைச் சொன்னாள். ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அறையில் பேசியது வெளியே போகக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போலீசுக்குச் சொல்ல வேண்டும். சேர்ந்த அன்றே இதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்றவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நேரில் போனால் சந்தே பார்க்கும் என்று அவளுக்குத் தபால் கார்டு எழுதினேன். 'சென்ற முறை சொன்னது பற்றி மேலும் பேச வேண்டும், உடனே வரவும்.' கீழே மையத்தின் முத்திரை. கையெழுத்து அழகாக வந்திருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். மேஜை இழுப்பறையில் கவர்களும் இருந்தன.

எங்கள் சந்துக்கு வரும் தபாலை முனையிலிருந்த மளிகைக்கடையில்தான் போடுவார்கள். கார்டு வந்தால் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், கடையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஊர்ச் சாவும் கல்யாணமும் எங்களுக்கு அப்படித்தான் தெரியவரும். எட்டு வயதிலிருந்து அங்கே நின்று கார்டுகளைப் படித்துக் காட்டியவள் நான். எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும்?

சனிக்கிழமை கடைக்காரர் அதைப் படித்தபோது அவள் புருஷன் பீடி வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். நேரே வீட்டுக்குப் போய், முடியைப் பிடித்து அவளைச் சந்து நெடுக இழுத்து வந்து, குழாயடித் திட்டில் முகத்தை மோதினான். மூன்று தடவை என்றார் ஒருவர். எண்ணவில்லை என்றார் இன்னொருவர். விழுந்தவளின் வலது கையை மிதித்து முறித்தான். புருஷன் பெண்டாட்டி சண்டைதானே என்று போலீஸ் சௌக்கியில் அவனை ஒரு ராத்திரி உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். பற்களின் இடுக்கிலிருந்து பேசினாள். "கார்டு நீங்கதான் போட்டீங்களா?" ஆமாம் என்றேன். "எங்க போகப் போறேன்னு உங்ககிட்டச் சொல்ல மாட்டேன்க்கா." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஆஸ்பத்திரியை விட்டுப் போன மறுநாள் அவன் மையத்துக்கு வந்தான். தோல் சுரண்டும் கத்தியைப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தான். அவள் எங்கே என்றான். தெரியாது அண்ணாச்சி என்றேன். அது உண்மைதான். ஆனால் மேஜையில் அவளுடைய ஃபைல் முதல் பக்கத்தில் திறந்து கிடந்தது.

"நீதானட்டி எங்களுக்கெல்லாம் லெட்டர் வாசிப்ப," என்று அதை என் பக்கம் தள்ளினான். "இத வாசி."

மூடினேன். அறைந்தான். இடது காதில் ஒரு இரைச்சல் எழுந்து மற்றதெல்லாம் அடங்கிப்போனது. அலமாரிக் கைப்பிடியில் நெற்றி கிழிந்தது. ஃபைலை வயிற்றோடு அணைத்துக் குப்புறக் கிடந்தேன். அவன் முதுகில் உதைத்துக்கொண்டே இருந்தான். அவளைக் கண்ட இடத்தில் கழுத்தை அறுப்பேன் என்று ஒவ்வொரு உதைக்கும் சொன்னான். தெருவிலிருந்தவர்கள் வந்து பிடித்தார்கள்.

அந்த மிரட்டலைச் சொல் மாறாமல் போலீசில் சொன்னேன். அவள் என்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அவள் சம்மதமில்லாமல் சொல்ல மாட்டேன் என்றேன். படித்த திமிர் என்றார் ஒருவர் இந்தியில். அவளை அடித்ததற்கு எழுதாத புகாரை, ஆபீஸ்காரி என்பதால், என்னை அடித்ததற்கு எழுதினார்கள். அவன் உள்ளே போனான்.

மறுநாள் ஃபைலின் கடைசிப் பக்கத்தில், கார்டு அனுப்பியது நான், கவரில் போடவில்லை, அதனால்தான் அவள் அடிபட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டில் ஃபைலைக் கேட்டால் மையத்துக்குக் கெட்ட பெயர், எழுதியதை அடித்துவிடு என்றார் எங்கள் நிர்வாகி. அடிக்கவில்லை. செம்பூர் முகவரி அதே ஃபைலில்தான் இருக்கிறது. அவள் அங்கேதான் இருக்கிறாளா என்று நான் இதுவரை போய்ப் பார்த்ததில்லை.