நித்தியமல்லிக்குப் பின்னால்

அந்தப் படத்தில் பூக்கள்தான் முதலில் மங்கின. அலமாரியில் துணிகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். போகிக்கு அலமாரியை ஒழிக்கும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பேன். வெள்ளை வெளேரென்று இருந்த நித்தியமல்லி வருஷத்துக்கு வருஷம் பழுத்து, இப்போது பழைய வேட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னால் இருப்பவர் மட்டும் மங்கவில்லை. பூ மங்க மங்க அவர் தெளிந்துகொண்டு வருகிறாரோ என்று எனக்கொரு சந்தேகம். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கண்ணைக் காட்டிவிட்டு வா என்பார்கள்.

எடுத்தது என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. ஆற்றில் தண்ணீர் வருமா என்று பேசிய வாய்களெல்லாம் விசா வருமா என்று பேச ஆரம்பித்திருந்த காலம். அக்காவின் கணவரான மச்சாண்டாரும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சவுதிக்குப் போனார். போகுமுன் ஸ்டூடியோவில் தனியாக ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிச் சட்டம் போட்டு, வீட்டில் மாட்டச் சொன்னார். எங்கள் பக்கம் ஒற்றை ஆளாய்ச் சட்டத்துக்குள் இருப்பவர் பெரும்பாலும் செத்தவர்தான். மாமியார் முகத்தைச் சுளித்தார். "மாலையப் போடாத வரைக்கும் நான் உசுரோடதாம்மா இருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போனார் அவர்.

அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது ஒரு கேமராவையும், அதன் மூக்கில் மாட்டுகிற பூதக்கண்ணாடி போன்ற லென்ஸையும் கொண்டுவந்து கொடுத்தார். மச்சாண்டார் கேட்டது ஒன்றே ஒன்று. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான், நம் கொல்லைப் பூக்களைக் கிட்டப்போய் எடுத்து அனுப்பு. வெள்ளிக்கிழமைகளில் கடைத்தெரு டெலிபோன் பூத்துக்குப் பேசுவார். எடுத்த எடுப்பில் "பக்கத்துல போனியா? இன்னும் பக்கத்துல போ" என்று அவர் கத்துவது ரிசீவரைத் தாண்டிக் கேட்கும். பூத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் நின்றுகொள்வார். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வாள்.

கிட்டப் போகப் போகக் கூர்மை நூலளவுக்குச் சுருங்கிவிடும் என்பதைப் பல ரோல்களைப் பாழாக்கித்தான் அவள் தெரிந்துகொண்டாள். செம்பருத்தியின் நீட்டிய நுனி ஊசிமுனை மாதிரி விழுந்தால் இதழ் கரைந்துவிடும். இதழைப் பிடித்தால் நுனி போய்விடும். போகப்போக லென்ஸைத் திருகுவதையே விட்டுவிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு, உடம்பையே ஒரு நெல்மணி அளவு முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பாள். காற்றுக்கு மறைப்பாக நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "உங்களுக்குப் பைத்தியம், எனக்கு முறமா?" என்பேன். பதில் வராது, மூச்சு உள்ளே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் குறைப்பட்டுக்கொண்டார். "ஒரு பூ தெரிஞ்சா மத்ததெல்லாம் ஓடிப்போயிருது. கொடி முழுக்கத் தெரியற மாதிரி ஒண்ணு எடேன்." அப்படியானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் முன்னும் பின்னும் ஆழம் கூடும், வெளிச்சம் குறையும். அதற்காக அக்கா பொழுது புலர்ந்து வெயில் நேராக விழும் நேரத்துக்குக் காத்திருந்தாள். கிழக்கு பார்த்த கொல்லை ஜன்னலில் நித்தியமல்லிக் கொடி ஏறி, கம்பியிலிருந்து வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கொல்லையில் ஜன்னலைப் பார்த்து நின்று, துவாரத்தை முடிந்தமட்டும் சுருக்கி வைத்துக்கொண்டாள்.

அந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. நாம் பார்க்கும்போது துவாரம் முழுக்கத் திறந்திருக்கும், பொத்தானை அமுக்குகிற கணத்தில்தான் சுருங்கும். பின்னால் எது தெளியப்போகிறது என்பது எடுப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பிலிமுக்குத்தான் தெரியும். "பின்னாடி என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி, வெறும் பழுப்பு" என்றாள். அமுக்கினாள்.

ரோலைக் கழுவி வாங்க இருவரும் மயிலாடுதுறைக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் கவரை நீட்டினார். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எப்பங்க ஆச்சு?" என்றார்.

"எது?"

"சார்... தவறுனது."

அக்கா அங்கேயே கவரைப் பிரித்தாள். கொடி முழுக்கத் தெளிவாக விழுந்திருந்தது, ஒவ்வொரு பூவும் எண்ணி எடுக்கலாம் போல. அதற்குப் பின்னால், வீட்டுக்குள்ளே ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் வெயில் பட்டு, சட்டத்துக்குள் மச்சாண்டார். மீசை தெரிந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள். கொடியின் வளைவு சட்டத்தின் இரு மூலைகளிலும் தொட்டு, அளவெடுத்துக் கட்டியது போல அவர் மார்பில் இறங்கியிருந்தது. "சவுதியில இருக்காருங்க" என்றாள் அக்கா. அந்த மனிதர் மன்னிப்பு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. "அந்தக் கொடிய வெட்டிப் போடுங்கடி" என்று மாமியார் அழுதார். அக்கா வெட்டவிடவில்லை. பிறகு கூத்தாநல்லூர்க்காரர் ஊருக்கு வந்தார். காலையில் அறையை விட்டுப் போனவர் திரும்பவில்லை, செருப்பு வாசலிலேயே கிடந்தது, தேடாத இடமில்லை என்றார். "அது என்னிக்குங்க?" என்று நான் வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். "கேக்காத." இன்றுவரை எனக்கு அந்த நாள் தெரியாது.

மறுநாளே அதே ஜன்னலில், துவாரத்தை முழுக்கத் திறந்து இன்னொன்று எடுத்தாள். ஒரே ஒரு பூவின் விளிம்பு கூர்மையாக இருந்தது, பின்னால் வெறும் பழுப்பு. "இதுதான் சரி. இதுல அவரு எங்க வேணா இருக்கலாம்" என்று அதை அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தாள். முதல் படத்தை என்னிடம் நீட்டி, "ஆத்துல விட்டுரு" என்றாள். ஆற்றில் விடுவதற்கும் மாலை போடுவதற்கும் ஒரே அர்த்தம்தானே. நான் விடவில்லை.

வருஷங்கள் ஓடின. "காரியத்தப் பண்ணி மாலையப் போட்டுருவோம் அண்ணி, சாஸ்திரத்துக்கு" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "யாருக்கு?" என்றாள். அதோடு சரி. சுவரில் இருப்பவருக்கு ஒரு பூ வைக்க யாருக்கும் துணிவில்லை. அக்காவின் நெற்றிப் பொட்டும் அப்படியே இருந்தது.

போன மாதம் என் மகனுக்குக் கல்யாணம். மருமகள் திருவிடைமருதூர்ப் பெண். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் குளித்துவிட்டு, கொல்லையில் நித்தியமல்லி பறித்து, நெருக்கமாகத் தொடுத்து, சுவரில் தனியாக இருந்த அந்தப் பெரியவருக்கு மரியாதையோடு சாத்திவிட்டாள். அவளுக்கு நாங்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. நான் காபியோடு வந்து பார்த்தபோது, சரம் சட்டத்தின் இரு மூலைகளிலும் தொட்டு இறங்கியிருந்தது. கிழக்கு வெயில் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

அக்கா உள்ளிருந்து வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சரத்தைப் பூ உதிராமல் கழற்றினாள். "நல்லா தொடுத்திருக்கேம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே, அதை இரண்டாக மடித்துத் தன் நரைத்த கொண்டையில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் ஊக்கு குத்திவிடு" என்று அவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மருமகள் குத்திவிட்டாள்.

நான் என் அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். துணிக்கு அடியில் கைவிட்டுப் படத்தை எடுத்தேன். கவிழ்ந்தபடியே கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிமிர்த்தவில்லை. படத்தில் இருந்த பூவெல்லாம் அக்காவின் தலைக்குப் போய்விட்டிருந்தால், பின்னால் நிற்பவர் தெளிவாகத் தெரிந்துவிடுவார்.