ஆத்தா விட்டுவைத்த கால்

என் வலது காலை முழங்காலோடு வெட்டி எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, நான் மாரியாத்தாளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவளைக் கும்பிடுகிற உங்கள் முன்னால் நல்லவன் வேஷம் போட எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியவனுக்கும் அவள் இரங்கினாள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் படம் எடுக்கிறவன். சேலத்தில் எனக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. யார் கூப்பிட்டாலும் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அங்கே உத்தியோகஸ்தர்கள் கால்பந்து ஆடுவார்கள். சேலத்தில் பள்ளிக்கூடப் பந்தயங்கள் இருக்கும், ராசிபுரத்தில் குஸ்தி நடக்கும். எல்லாவற்றுக்கும் போவேன். என் பெட்டி பழையது, மெதுவானது. ஆடுகிறவன் அசைந்தால் படத்தில் புகைதான் விழும். அதனால் ஓடுகிறவனை நிறுத்தி, காலைத் தூக்கச் சொல்லி, 'ஆடாதே, மூச்சு விடாதே' என்று அதட்டித்தான் ஓடுகிற படம் எடுப்பேன். அது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு தடவையாவது நிஜமாக ஓடுகிற ஒன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று வெறி. கடன் சொல்லி, படம் சட்டென்று விழுகிற வேகமான கண்ணாடித் தகடுகளை மதராஸிலிருந்து தருவித்தேன்.

தை மாதம். நாமக்கல் போகிற வழியில் ஒரு கிராமத்தில் எருதாட்டம். காளைக்குக் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி ஓட்டுவார்கள். காளைக்காரர் தன் மாட்டைப் படம் எடுக்க என்னை அழைத்திருந்தார். மாட்டை நிறுத்தி எடுத்தாலே அவருக்குப் போதும். எனக்குத்தான் போதவில்லை. கோயில் சுவர் ஓரமாக, காளை திரும்புகிற மூலையில், பெட்டி நிற்கிற முக்காலியை ஊன்றினேன்.

"ஏனுங்க படக்காரரே, அந்த மூலையில நிக்காதீங்க. மாடு திரும்புனா ஓட வழியில்லீங்க" என்றார் அவர்.

"உங்க மாட்டை நீங்க பாத்துக்குங்க. என் பொட்டியை நான் பாத்துக்கறேன்" என்றேன். என் வாய் அப்படி.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பெட்டியின் பின்னால் இருக்கிற கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். வலது இடதாகவும் இடது வலதாகவும் இருக்கும். பத்து வருஷத் தொழிலில் அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜனங்கள் கத்தினார்கள். கயிறு அறுந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் காளை இடது பக்கம் பாய்வதைப் பார்த்தேன். பதற்றத்தில் மாற்றிக் கணக்குப் போட மறந்து, தலையில் துணியோடு வலது பக்கம் குதித்தேன். காளை நிஜத்தில் இருந்தது அங்கேதான். தொழில் தெரியாதவன் துணியை உதறிவிட்டுக் கண்ணால் பார்த்து ஓடியிருப்பான். நான் கண்ணாடியை நம்பினேன். கொம்பு கெண்டைக்காலில் ஏறி மறுபக்கம் வந்தது.

வண்டியில் போட்டுச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பத்து நாள் கிடந்தேன். கால் உரலாக வீங்கிக் கறுத்தது. அதன் நாற்றத்தில் பக்கத்துக் கட்டில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் கேட்டார். காய்ச்சல் விடவே இல்லை. ஒரு நாள் காலையில் டாக்டர் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"வெட்டலேன்னா விஷம் மேல ஏறிடும்ப்பா. அப்புறம் காலைப் பத்திக் கவலைப்பட நீ இருக்க மாட்டே."

ஒற்றைக் காலோடு எந்த மைதானத்துக்குப் போவேன்? முக்காலியும் தகட்டுப் பெட்டியும் தூக்க, பஸ் ஏற, மேடு பள்ளம் நடக்க எனக்குக் கால் வேண்டாமா? செத்தாலும் முழு ஆளாகச் சாகிறேன் என்று அடம் பிடித்தேன். வருஷம் தவறாமல் ஆடியில் உனக்குக் கூழ் ஊற்றினேனே, உனக்குக் கண் அவிந்து போச்சா என்று அவளைத் திட்டினது அப்போதுதான். என் மனைவி பாவாயி பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரி, அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் வாய் திறந்தாள்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சாமி. ஊட்டுக்குப் போலாம் வாங்க."

வீட்டுக்கு வந்தோம். வீடு சின்னது, நாற்றம் பெரியது. புறக்கடைத் தாழ்வாரத்தில் கட்டிலைப் போடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்க்க யாரையும் விடவில்லை. பாவாயி தினமும் விடிந்ததும் ஈரச் சேலையோடு மாரியம்மன் கோயிலைச் சுற்றிவிட்டு வந்து என் நெற்றியில் திருநீறு வைப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. நாலாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கடைசி நேரத் தெளிவு என்று அக்கம்பக்கத்தார் என் காதுபடவே பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆறாம் நாள் காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. தாங்க முடியவில்லை.

"கட்டை அவுத்துப் பாக்கட்டுங்களா?" என்றாள் பாவாயி.

அவிழ்த்தாள். ஐயோ என்று கத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள். காயம் பூராவும் புழு. கட்டின் இடுக்கு வழியே ஈ புகுந்து முட்டையிட்டிருக்கிறது. ஒருவரை ஒருவர் சபிக்கும்போது புழுத்துப் போவாய் என்கிறோமே, அது எனக்கு உயிரோடு நடந்துவிட்டது. நான் குழந்தை மாதிரி அழுதேன். அவள் எழுந்து ஓடி, மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற தைலத்தைப் பக்கத்து வீட்டில் வாங்கிவந்தாள்.

"ஊத்தாதே. எரியறதை வேற நான் தாங்கணுமா? போய் வண்டி கூப்பிடு. வெட்டிட்டுப் போகட்டும்."

முடியாது என்று முறைத்தவன், வெட்டுங்கள் என்று நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தேன். டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காயத்தைக் கழுவினார். வெட்டுகிற சாமான்கள் தட்டில் இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இதுல என்ன ஊத்தினீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் பாவாயி.

"நல்ல வேளை. ஊத்தியிருந்தா புழு எல்லாம் செத்திருக்கும்." அவர் குரல் மாறியிருந்தது. "சண்டையில அடிபட்டு வெளியில கெடந்த சிப்பாய்ங்க சில பேரு இப்படிப் புழுவோட வந்து பொழச்சாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். அழுகினதைப் பூரா தின்னுருக்குது. கீழே பாரு, சிவப்பா நல்ல சதை. வெட்ட வேண்டாம்."

நான் பார்த்தேன். கறுப்பு இல்லை. ரத்தம் ஓடுகிற என் சொந்தச் சதை. அன்றைக்கு அழுததைப் போல் நான் என்றைக்கும் அழுததில்லை.

கால் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதும் விந்தி விந்தித்தான் நடக்கிறேன், ஆனால் நடக்கிறேன். பெட்டியைத் தூக்குகிறேன். ஒருவர் நிற்காதே என்றால் நிற்பதில்லை. வாயும் பாதி அடங்கியிருக்கிறது, மீதியைப் பாவாயி பார்த்துக்கொள்கிறாள்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் புண்ணில் ஈயை விடாதீர்கள். பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் சொல்ல வந்தது வேறு. தைலத்தை ஊற்றாதே என்று நான் சொன்னது பக்தியால் இல்லை. எல்லாம் தொலைந்தது என்ற வெறுப்பில் சொன்னேன். அந்த வெறுப்பைக் கொண்டே ஆத்தா என் காலைக் காப்பாற்றினாள். உங்களுக்கும் நம்பிக்கை அற்றுப்போயிருந்தால் அப்படியே அவளிடம் வாருங்கள், திட்டிக்கொண்டாவது வாருங்கள்.

நேர்த்திக்கடன் செலுத்தப் போன அன்று பாவாயியிடம் கேட்டேன், "காலைக் காப்பாத்துன்னுதானே அத்தனை நாள் சுத்தினே?"

"இல்லீங்க. காலு போவுமோ இருக்குமோ எனக்கென்ன தெரியும்? கெட்டது எதுவோ அதை நீ தின்னுக்க ஆத்தா, நல்லதை எனக்கு வுட்டுருன்னு கேட்டேனுங்க."